குறைவாகக் கொல்லும் கணக்கு

ஓர் ஆயுதத்தைக் கண்டுபிடித்தவர், நிறையப் பேரைக் கொல்ல வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்தேன் என்று எழுதிவைத்ததாக நான் படித்ததில்லை. பகைவரைப் பூண்டோடு அழிப்போம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் புரிந்துகொள்வது கடினமல்ல. எனக்கு நெடுநாளாகப் புரிபடாமல் இருப்பவர்கள் வேறு வகையினர். நன்கு படித்தவர்கள், பண்பானவர்கள், ஒரு கொலைக்கருவியை உருவாக்கி முடித்தபின் அது உயிர்களைக் காப்பாற்றும் என்று சொல்கிறார்கள். சொல்வதோடு நிற்காமல் அதை உளமார நம்பவும் செய்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ரிச்சர்ட் கேட்லிங் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆனால் மருத்துவத் தொழில் செய்யாமல் விதைப்புக் கருவி போன்றவற்றைக் கண்டுபிடித்துப் பொருளீட்டியவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் அவர் இண்டியானாபொலிஸ் நகரில் குடியிருந்தார். போர்முனைக்குப் புறப்பட்ட படைகளையும், அங்கிருந்து திரும்பி வந்த காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் பிணங்களையும் அவர் ஏறக்குறைய நாள்தோறும் பார்த்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் போரில் அல்ல, நோயினால் இறந்தார்கள் என்பது அவர் கண்ணில் பட்டது. ஒரே ஆள் நூறு பேரின் வேலையைச் செய்யும்படி வேகமாகச் சுடும் இயந்திரம் ஒன்று இருந்தால் பெரும்படைகளுக்குத் தேவை இராது, படை சிறுத்தால் நோயில் மடிவோரும் குறைவார்கள் என்று தாம் எண்ணியதாக 1877இல் எழுதிய கடிதமொன்றில் அவர் விளக்கியிருக்கிறார். 1862இல் அவர் காப்புரிமை பெற்ற, பல குழல்கள் சுழன்று சுடும் துப்பாக்கி இப்படித்தான், அவருடைய சொல்லின்படி, இரக்கத்திலிருந்து பிறந்தது.

கடிதத்தில் நயவஞ்சகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் எண்ணப்படுகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கிக்குப் பின்னால் நிற்பவர்கள். முன்னால் நிற்பவர்களுக்கு அதில் இடமில்லை. இயந்திரத் துப்பாக்கியின் அடுத்த தலைமுறையான மேக்சிம் துப்பாக்கியோடு பிரிட்டிஷ்–எகிப்தியப் படை 1898 செப்டம்பர் 2 அன்று சூடானின் ஓம்டுர்மானில் நின்றபோது, ஒரு காலைப் பொழுதில் மறுதரப்பில் பத்தாயிரம் பேர் அளவில் செத்தார்கள். இந்தத் தரப்பில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. படைகளும் சிறுக்கவில்லை. 1914க்குள் ஐரோப்பிய நாடுகள் இலட்சக்கணக்கானவர்களைத் திரட்டி, அதே வகைத் துப்பாக்கிகளின் முன் அணியணியாக அனுப்பத் தயாராக இருந்தன. நூறு பேருக்குப் பதிலாக ஒருவர் என்று சொல்லி வந்த இயந்திரத்தை அந்த நூறு பேரின் கையிலும் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் வேதியியல் படித்த எவருக்கும் ஹேபர் முறை தெரிந்திருக்கும். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் உயர் அழுத்தத்தில் இரும்பு வினையூக்கியின் மேல் கூடி அம்மோனியா ஆகும். அந்த அம்மோனியாவிலிருந்துதான் நம் வயலுக்கு வரும் யூரியா. அதைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவர்களில் நானும் ஒருவன். உலகத்துக்குச் சோறு போட்ட சமன்பாடு என்று மாணவர்களிடம் சொல்வேன், அது உண்மையும்கூட. பாடத்திட்டத்தில் இல்லாத பகுதி 1915 ஏப்ரல் 22 மாலையில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே நடந்தது. காற்று சாதகமான திசையில் திரும்பும்வரை நாள்கணக்கில் காத்திருந்து, ஜெர்மன் படையினர் 5,700க்கும் மேற்பட்ட உருளைகளைத் திறந்து 150 டன் அளவுக்குக் குளோரினை வெளியே விட்டார்கள். ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த புகை தரையோடு தவழ்ந்து போய்ப் பிரெஞ்சுப் படையினரின் அகழிகளுக்குள் இறங்கியது. குளோரின் காற்றைவிடக் கனமானது. ஆகவே குண்டுக்குத் தப்பிப் பதுங்கியவர்களையே அது தேடிப் பிடித்தது. அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஃபிரிட்ஸ் ஹேபர்.

அவர் தரப்பில் இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று, அகழிகளில் முடங்கிப்போன போரை நச்சுவாயு சீக்கிரம் முடித்துவைக்கும், அதனால் மொத்தத்தில் உயிர்கள் மிஞ்சும் என்பது. மற்றது சட்ட வாதம். மூச்சைத் திணறடிக்கும் வாயுக்களைப் பரப்புவதையே நோக்கமாகக் கொண்ட எறிகணைகளை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்திருந்தது. தாங்கள் எறிகணை எதையும் வீசவில்லை, உருளையைத் திறந்துவிட்டோம், அவ்வளவுதான் என்று ஜெர்மன் தரப்பு சொன்னது. முதல் வாதத்தை மனதார நம்புகிறவருக்கு இரண்டாவது வாதம் எதற்கு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். போர் சீக்கிரம் முடியவில்லை. மூன்றரை ஆண்டுகள் நீண்டது. எதிர்த்தரப்பும் அதே ஆண்டிலேயே வாயுவைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஈப்ர தாக்குதல் நடந்து பத்து நாளில், வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவரான ஹேபரின் மனைவி கிளாரா இம்மர்வார், கணவரின் கைத்துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அதன் காரணத்தை ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஒற்றைக் காரணம் கற்பிப்பது அவருக்கு நியாயமாகாது. ஹேபர் போர்ப் பணிக்குத் திரும்பிச் சென்றார். அம்மோனியாவுக்காக 1918ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

நச்சுவாயுவுக்காக வாதாடியவர்களில் எனக்கு மிகவும் சங்கடம் தருகிறவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரில் காலமான அதே மரபியல் அறிஞர்தான். முதல் உலகப்போரில் காயம்பட்டவர். முகமூடிகளைச் சோதிப்பதற்காகத் தந்தையோடு சேர்ந்து வாயு நிரப்பிய அறைக்குள் நின்று, தம் உடம்பையே சோதனைப் பொருளாக்கியவர். அப்படிப்பட்டவர் 1925இல் இரசாயனப் போரை ஆதரித்து ஒரு சிறுநூல் எழுதினார். மஸ்டர்ட் வாயுவால் பாதிக்கப்பட்டவர்களில் சிறு பங்கினரே இறந்தார்கள், எறிகணையால் பாதிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு, ஆகவே வாயுவே மனிதத்தன்மை கூடிய ஆயுதம் என்பது அவர் வாதம். எண்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது தவறில்லை. அந்தப் போரில் வாயுவால் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 13 இலட்சம் என்றும், இறந்தவர்கள் சுமார் 90,000 என்றும் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் எறிகணைக்குப் பதிலாக வாயு என்று எந்தத் தளபதியும் முடிவெடுக்கவில்லை. எறிகணைகள் முன்பைவிட அதிகமாகப் பொழிந்துகொண்டிருக்க, வாயு அவற்றோடு கூடச் சேர்ந்தது. பல நேரம் அந்த எறிகணைகளுக்குள்ளேயே அடைக்கப்பட்டு வந்தது. இரண்டில் எது குறைந்த கொடுமை என்று ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அந்த அகழிச் சிப்பாய் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டும் அவன்மேல் விழுந்தன. வாயுப் போரைத் தடைசெய்யும் ஜெனீவா நெறிமுறை அதே 1925இல் கையெழுத்தானது என்பது எனக்குச் சற்று ஆறுதல் தருகிறது.

இந்தக் கணக்கின் மிகப் பெரிய வடிவம் 1947 பிப்ரவரியில் அச்சேறியது. அமெரிக்காவின் முன்னாள் போர் அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன், ஹிரோஷிமா மீதும் நாகசாகி மீதும் அணுகுண்டு வீச எடுத்த முடிவை விளக்கி ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய கட்டுரை அது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரும் குண்டுத் திட்டத்தின் ஆலோசகருமான ஜேம்ஸ் கோனன்ட், பொதுமக்களிடையே எழத் தொடங்கியிருந்த ஐயங்களைத் தணிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதால் எழுதப்பட்டது. வாசகங்களை அமைக்க உதவிய இளைஞர் மெக்ஜார்ஜ் பண்டி, பின்னாளில் வியட்நாம் போர்க்காலத்தில் வெள்ளை மாளிகையின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர். ஜப்பானின்மீது படையெடுத்திருந்தால் அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தோ காயம்பட்டோ போயிருக்கக்கூடும் என்று தமக்குச் சொல்லப்பட்டதாக ஸ்டிம்சன் எழுதினார். நாளடைவில் காயம்பட்டவர்கள் என்ற பகுதி உதிர்ந்துபோய், பத்து இலட்சம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்றே மக்கள் பேசத் தொடங்கினார்கள். குண்டு வீசப்பட்டபோது அமெரிக்க அதிபராக இருந்த ட்ரூமனின் 1955இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் அது ஐந்து இலட்சம் அமெரிக்க உயிர்கள் என்று இருக்கிறது.

இராணுவத் திட்டக்குழு ஒன்று 1945 ஜூன் நடுவில் தயாரித்த அறிக்கை, கியூஷுவிலும் டோக்கியோ சமவெளியிலும் தரையிறங்கினால் ஏறத்தாழ 40,000 அமெரிக்கர் இறக்கக்கூடும், காயம்பட்டோரையும் காணாமற்போனோரையும் சேர்த்தால் 1,93,500 பேர் என்று மதிப்பிட்டிருந்தது. இதைவிட மிக அதிகமாக மதிப்பிட்டவர்களும் அப்போது இருந்தார்கள். கியூஷுவில் ஜப்பானியப் படைகள் குவிவது தெரியவந்தபின் அச்சம் கூடியது என்பதும் உண்மை. ஆகவே எந்த எண் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஹிரோஷிமாவில் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000, நாகசாகியில் சுமார் 70,000. நடந்துவிட்ட சாவுக்கு எண் உண்டு, எல்லையும் உண்டு. நடக்காத படையெடுப்பின் சாவுக்கு எல்லை கிடையாது. முதல் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதைவிடப் பெரிதான ஓர் எண்ணை அடுத்த பக்கத்தில் எழுதிவிட முடியும். அதை எவராலும் பொய்ப்பிக்க முடியாது.

இன்னொரு வேலையையும் அந்தக் கட்டுரை செய்தது. படையெடுப்பா, குண்டா என்ற இரண்டே வழிகள் இருந்ததுபோல் வாசகர் மனதில் பதியவைத்தது. பேரரசர் நீடிக்கலாம் என்று சரணடையும் நிபந்தனையைத் தளர்த்துவது, சோவியத் ஒன்றியம் போரில் இறங்கும்வரை பொறுப்பது, ஆளில்லாத இடத்தில் குண்டை வெடித்துக் காட்டுவது ஆகியவை அன்றே பேசப்பட்டவை. குண்டுத் திட்டத்தில் இருந்த சிகாகோ விஞ்ஞானிகள், ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில், குண்டை உடனே வீசுவதற்கு எதிராக ஜூன் மாதத்தில் அறிக்கை எழுதினார்கள். அவர்களில் ஒருவரான இயற்பியலாளர் லியோ சிலார்ட் ஜூலை 17 அன்று எழுபது பேரின் கையொப்பத்தோடு விண்ணப்பம் ஒன்றை முன்வைத்தார். அரசுக்கு ஆலோசனை சொன்ன விஞ்ஞானிகளான ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ், காம்ப்டன் ஆகிய நால்வர் குழுவோ, நேரடி இராணுவப் பயன்பாட்டைத் தவிர ஏற்கத்தக்க வழி தங்களுக்குத் தெரியவில்லை என்று ஜூன் 16 அன்று எழுதிவிட்டு, அதே குறிப்பின் இறுதியில், அணுசக்தியால் எழும் அரசியல், சமூக, இராணுவச் சிக்கல்களைத் தீர்க்கும் தனித்தகுதி எதுவும் தங்களுக்கு இல்லை என்றும் சேர்த்தது. தகுதி இல்லை என்று சொல்கிறவர்கள் அதற்கு முந்தைய வரியை ஏன் எழுதினார்கள் என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதற்குச் சில நாள் முன்பு, குண்டைப் பற்றி ஆலோசிக்க ஸ்டிம்சன் தலைமையில் மே 31 அன்று நடந்த கூட்டத்தின் பதிவைத்தான் இந்த விவகாரத்தில் நான் மிகக் கூர்ந்து படித்தேன். ஏராளமான தொழிலாளர்கள் வேலை செய்வதும், தொழிலாளர்களின் வீடுகள் நெருக்கமாகச் சூழ்ந்ததுமான முக்கியமான போர்த் தொழிற்சாலை ஒன்றே மிகப் பொருத்தமான இலக்கு என்று கோனன்ட் கருத்துச் சொல்கிறார், ஸ்டிம்சன் ஒப்புக்கொள்கிறார். வீடுகள் அங்கே தற்செயலாக இருக்கவில்லை. இலக்கின் இலக்கணத்திலேயே அவை இருக்கின்றன. ஆகஸ்ட் 9 அன்று வானொலியில் ட்ரூமன், முதல் குண்டு ஹிரோஷிமா என்ற இராணுவத் தளத்தின்மீது வீசப்பட்டது என்றும், இயன்றவரை பொதுமக்களைக் கொல்வதைத் தவிர்க்க விரும்பியதால்தான் அப்படிச் செய்தோம் என்றும் சொன்னார். இரண்டு கூற்றுகளுக்கும் இடையில் பத்து வாரம்தான் இடைவெளி.

எதிர்த்தரப்பின் கனத்தையும் ஒரு தமிழர் மறைக்கக் கூடாது. சயாம்–பர்மா இரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரக்கணக்கானோர் காலராவிலும் பசியிலும் அடியிலும் மடிந்தார்கள். எஞ்சியவர்களில் பலர் 1945 ஆகஸ்ட்டிலும் அந்த முகாம்களில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் குண்டு விழுந்ததால் நான் பிழைத்தேன் என்று சொன்னால், அவரோடு நான் வாதாட மாட்டேன். படையெடுப்புக்காகக் கப்பலில் ஏறக் காத்திருந்த அமெரிக்கச் சிப்பாய்க்கும் இது பொருந்தும். தம் உயிர் மிஞ்சியதற்கு நன்றி உணர்வது வேறு. அந்த நன்றியை எடுத்து, முடிவெடுத்தவர்கள் தங்களுக்கான சான்றிதழாகப் பயன்படுத்துவது வேறு.

1995இல், குண்டைச் சுமந்து சென்ற எனோலா கே விமானத்தை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் காட்சிக்கு வைக்க முனைந்தபோது இந்தச் சான்றிதழுக்காகவே சண்டை நடந்தது. ஹிரோஷிமாவில் இறந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவரின் மதிய உணவுப் பெட்டியையும் அங்கே வைப்பதாக இருந்தது. பெட்டி நசுங்கி, உள்ளிருந்த சோறு கரியாகியிருந்தது. முன்னாள் படைவீரர் அமைப்புகள் அதை எதிர்த்தன. படையெடுப்பில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்ற எண்ணைக் குறைத்து எழுதியதையும் எதிர்த்தன. திட்டமிட்ட காட்சி கைவிடப்பட்டது. அருங்காட்சியக இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். விமானத்தின் உடற்பகுதி காட்சிக்கு வந்தது, சோற்றுப் பெட்டி வரவில்லை. பத்து இலட்சம் என்ற எண் ஒரு குழந்தையின் சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் தடுமாறும் என்பதை எதிர்த்தவர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1974 மே 18 அன்று பொக்ரானில் நடந்ததை அமைதி நோக்கிலான அணுவெடிப்பு என்று அரசு அறிவித்தது. அதை முன்னின்று நடத்திய ராஜா ராமண்ணா, அது குண்டுதான், துப்பாக்கியை ஆள்மீது சுட்டாலும் தரையில் சுட்டாலும் துப்பாக்கிதான் என்று 1997இல் வெளிப்படையாகச் சொன்னார். இந்த வரலாறு முழுவதிலும் இவ்வளவு நேர்மையான வாக்கியங்களை நான் அதிகம் கண்டதில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் மீண்டும் வெடித்தபோது தமிழ்நாட்டில் பெருமிதம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஆர். சிதம்பரம் சென்னையில் பிறந்தவர், பாதுகாப்பு ஆராய்ச்சியின் தலைவர் அப்துல் கலாம் ராமேஸ்வரத்துக்காரர். குண்டு இருந்தால் போர் வராது என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். ஓராண்டுக்குள் கார்கிலில் போர் வந்தது; இந்தியத் தரப்பில் மட்டும் 527 வீரர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் வாதம் மாறியது: குண்டு இருந்ததால்தான் அந்தப் போர் பெரிதாகாமல் நின்றது என்றார்கள். போர் வராவிட்டாலும் குண்டுக்கு வெற்றி, வந்து சிறிதாக முடிந்தாலும் குண்டுக்கு வெற்றி என்றால், எது நடந்தால் அந்த வாதம் தோற்றதாக ஒப்புக்கொள்வார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

கலாம் அடிக்கடி சொன்ன நிகழ்வு ஒன்று உண்டு. ஏவுகணைக்காக உருவாக்கப்பட்ட இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்த ஹைதராபாத் மருத்துவர் ஒருவர், 3 கிலோவுக்கு மேல் கனமான உலோகக் காலிப்பரை மாட்டிக்கொண்டு காலை இழுத்து நடக்கும் சிறுவர் சிறுமியரைத் தம் மருத்துவமனையில் அவருக்குக் காட்டினார். சில வாரங்களில் 300 கிராம் எடையுள்ள காலிப்பர் தயாரானது. குழந்தைகள் ஓடினார்கள், பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். இதைக் கேட்டு நெகிழாத தமிழர் குறைவு; எனக்கும் இது பிடித்த நிகழ்வுதான். இந்தக் கட்டுரையில் வரும் காப்பாற்றல்களில் எண்ணிச் சரிபார்க்கத்தக்கது இது ஒன்றே. ஆனால் அது எதற்கான சான்று? இலேசான பொருள்களை ஆராய்ந்தால் ஊனமுற்றோர் பயன்பெறுவார்கள் என்பதற்கான சான்று. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க, ஏவுகணை என்ற காரணம் தேவைப்பட்டது நம்முடைய குறை. அதை ஏவுகணையின் அறமாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அணுகுண்டைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தொலைவில் இருக்கிறது. பெல்லட் துப்பாக்கி அப்படி இல்லை. 2010இல் காஷ்மீரில் போராட்டக்காரர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததையடுத்து, உயிர்போக்காத மாற்று என்ற பெயரில் அது அங்கே புழக்கத்துக்கு வந்தது. ஒரு தோட்டாவுக்குள் சில நூறு ஈயக் குண்டுகள். வெளியே வந்ததும் விரிந்து பரவும், யாரைத் தொடும் என்று சுடுகிறவருக்கே தெரியாது. 2016 ஜூலையில் தீவிரவாத இயக்கத் தளபதி புர்ஹான் வானி கொல்லப்பட்டபின் எழுந்த கொந்தளிப்பில், ஸ்ரீநகரின் மகாராஜா ஹரி சிங் மருத்துவமனையின் கண் பிரிவு கறுப்புக் கண்ணாடி அணிந்த இளைஞர்களால் நிரம்பியது. ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை, 32 நாளில் 13 இலட்சம் பெல்லட்டுகள் சுடப்பட்டதாகக் கூறியது. இதைத் தடைசெய்தால் நெருக்கடியான நேரங்களில் ரைபிளால் சுடுவதைத் தவிர வேறு வழி இராது, உயிரிழப்பு கூடும் என்றும் கூறியது. கேட்லிங்கின் கடிதமும் ஸ்டிம்சனின் கட்டுரையும் இந்த வாசகத்துக்குள் அப்படியே இருக்கின்றன: இரண்டே வழிகள், அவற்றை மேசையில் வைப்பவரும் சுடப்போகிறவரும் ஒருவரே, இரண்டில் கொடிது அல்லாததற்கு இரக்கம் என்று பெயர்.

அந்தப் பத்திரத்தை எழுதியவரைக் கல்நெஞ்சர் என்று நான் நினைக்கவில்லை. கல்லெறியும் கூட்டத்தின் முன் நிற்கும் இருபது வயதுக் காவலரின் அச்சமும் உண்மையானது. ஆனால் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வாதத்தை ஏற்பதற்குமுன் ஒரு நிபந்தனையாவது விதிக்கலாம் என்று தோன்றுகிறது: குறைவாகக் கொல்வது என்று சொல்லிப் புதிய ஆயுதம் ஒன்றைக் கேட்கிறவர்கள், அது எதற்கு மாற்றோ அந்தப் பழைய ஆயுதத்தைக் கூட்டத்தின் முன்னிருந்து அன்றே விலக்கிக்கொள்ளட்டும். அந்தக் கோடையில் காஷ்மீரில் பெல்லட்டும் சுடப்பட்டது, ரைபிள் குண்டும் சுடப்பட்டது. தடை கோரிய மனுவை 2016 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. வன்முறைக் கூட்டம் இருக்கும்வரை பலப்பிரயோகம் தவிர்க்க இயலாதது என்றது. அடுத்த ஆண்டு, குண்டுகள் இடுப்புக்கு மேலே போகாமல் தடுக்கத் துப்பாக்கியின் முனையில் ஒரு தகடு பொருத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. சுடலாமா என்ற கேள்வி, எந்தக் கோணத்தில் சுடுவது என்ற கேள்வியாக அதோடு சுருங்கிப்போனது. அந்த அறிவிப்புக்குப் பிறகு, 2018 நவம்பரில், சோபியான் மாவட்டத்தில் கண்ணீர்ப்புகை நிறைந்த வீட்டிலிருந்து வெளியேறக் கதவைத் திறந்த தாய் ஒருவரின் கையிலிருந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத பெண்குழந்தையின் வலது கண்ணில் பெல்லட் பாய்ந்தது. அந்தக் குழந்தை எந்தக் கூட்டத்திலும் இருக்கவில்லை. பெல்லட் இல்லாவிட்டால் அதன்மீது எவரும் ரைபிளால் சுட்டிருக்கப் போவதும் இல்லை.